மாடித் தொட்டியில் இனிப்புச் சோளம்

வடநாட்டில் மழைக்காலம் பிறந்துவிட்டால், தெருமுனைதோறும் கரி அடுப்பில் சோளக்கதிரை வாட்டி, எலுமிச்சம்பழத் துண்டால் உப்பும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துக் கொடுப்போரைக் காண்கிறோம். ரயில் நிலையங்களிலும் கடைவீதிகளிலும், வேகவைத்த மஞ்சள் மணிகளை வெண்ணெய் கலந்து காகிதக் கிண்ணத்தில் விற்போரும் இப்பொழுது பெருகிவிட்டனர். இவை இரண்டும் ஒரே பயிரின் இரு வேறு வகைகளாகும். முன்னது பெரும்பாலும் தானியத்துக்கென விளைவிக்கப்படும் மக்காச்சோளத்தின் இளங்கதிர். பின்னது இனிப்புச் சோளம்.

கடையில் வாங்கும் இனிப்புச் சோளத்தில் இல்லாத ஒரு சுவை, செடியிலிருந்து ஒடித்த சிறிது நேரத்திற்குள் வேகவைத்த கதிரில் உண்டு. இது வெறும் நம்பிக்கையன்று. அதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம். அச்சுவையை நாடி, வீட்டின் பின்புறத்திலும் மொட்டை மாடியிலும் இப்பயிரை வளர்த்துப் பார்த்தவர்கள் நம்மவரில் பலர். அவர்களிற் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றுதான். செடி ஆள் உயரம் வளர்ந்தது, கதிரும் வைத்தது, ஆனால் உரித்துப் பார்த்தபோது, பல் விழுந்த வாய் போல மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்தன என்பர். எண்பது நாள் நீர் ஊற்றிக் காத்திருந்த குழந்தைகளின் முகம் வாடுவதைக் கண்டபின், மறுமுறை விதைக்க மனம் வருவதில்லை. இக்குறை எதனால் நேர்கிறது, அதனை எங்ஙனம் தவிர்க்கலாம் என்பதே இவ்வுரையின் முக்கிய நோக்கம்.

பெயரும் வகையும்

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். தமிழில் வெறுமனே சோளம் என்றால் அது வேறு தானியம். வடநாட்டார் அதனை ஜவார் என்பர். நாம் இங்கே பேசுவது மக்காச்சோளத்தின் ஓர் இனம். விதைக் கடைக்குச் செல்வோர், இந்தி வழங்கும் இடங்களில் மக்கா என்றும், மராட்டியத்தில் மகா என்றும், தெலுங்கில் மொக்கஜொன்ன என்றும், கன்னடத்தில் முசுகின ஜோள என்றும் கேட்டால் புரிந்துகொள்வார்கள். முசுகு என்றால் முக்காடு. உறைக்குள் மறைந்திருக்கும் கதிருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஆனால் இப்பெயர்களோடு ‘ஸ்வீட் கார்ன்’ என்ற சொல்லையும் சேர்த்தே கேட்க வேண்டும். இல்லையேல் தானிய விதையோ கால்நடைத் தீவன விதையோ கைக்கு வந்து சேரும்.

மக்காச்சோளத்தின் தாயகம் தென் மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர், தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து அங்குள்ள மக்கள் இதனைப் பண்படுத்தினர். போர்த்துக்கீசியர் வாயிலாக இது நம் நாட்டிற்கு வந்ததெனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். சுதந்திரத்திற்குப் பின், 1957-இல் மக்காச்சோளத்திற்கென ஓர் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயனாக 1961-இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் முதலிய கலப்பின வகைகள் உழவர்களின் கைக்கு வந்தன. அவை தானிய வகைகள். இனிப்பு வகைகள் பின்னரே வந்தன. ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட மாதுரி, பிரியா ஆகியவை நாட்டில் நன்கு அறியப்பட்டவை. டில்லியிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையமும் இனிப்பு வகைக் கலப்பினத்தை வெளியிட்டிருக்கிறது. தனியார் விதை நிறுவனங்களின் கலப்பினங்களும் எங்கும் கிடைக்கின்றன.

இனிப்பின் காரணம்

மக்காச்சோள மணிக்குள் சேரும் சர்க்கரை, சாதாரணமாக உடனுக்குடன் மாவுச்சத்தாக மாற்றப்பட்டுவிடும். அம்மாற்றத்தை நடத்தும் மரபணுக்களுள் ஒன்று பழுதுபட்டால், சர்க்கரை அவ்வாறே தங்கிவிடுகிறது. அப்பழுதே நமக்கு இனிப்பாக வாய்த்தது. பழைய இனிப்பு வகைகளில் ஒரு மரபணு இவ்விதம் மாறியிருக்கிறது. 1902-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து புகழ்பெற்ற ‘கோல்டன் பேண்டம்’ அத்தகையது. 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாக்னன் என்னும் அறிஞர், வேறொரு மரபணு மாற்றம் கொண்ட மணிகளில் சர்க்கரை மேலும் மிகுதியாக இருப்பதைக் கண்டு 1953-இல் எழுதினார். அதிலிருந்து பிறந்தவையே மிகை இனிப்பு வகைகள். இன்று நம் நாட்டில் விற்கும் கலப்பினங்கள் பலவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

மிகை இனிப்பு வகையின் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது சுருங்கி, உலர்ந்த திராட்சை போல வற்றியிருக்கும். கெட்டுப்போன விதையோ என ஐயுற வேண்டியதில்லை. உள்ளே மாவுச்சத்து குறைவாதலின் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் முளைக்கும் குருத்துக்கு வேண்டிய கட்டுச்சோறும் அந்த மாவுச்சத்தேயன்றோ? ஆகையால் இவ்விதை பலவீனமானது. குளிர்ந்த மண்ணிலும் நீர் தேங்கிய மண்ணிலும் முளைக்குமுன்னே அழுகிவிடும். மண்ணின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருந்தால்தான் நன்கு முளைக்கும். 20 டிகிரிக்கு மேல் இருப்பின் மிகவும் நலம்.

காலம் அறிந்து விதைத்தல்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நம் ஊர் முதுமொழி. ஆனால் அது காவிரிக் கரைக்கும் தாமிரபரணிக் கரைக்கும் வகுத்த கணக்கு. யமுனைக் கரைக்கும் ஹூக்ளிக் கரைக்கும் வேறு கணக்கு உண்டு. இப்பயிருக்கு இரு தொல்லைகள் ஆகா. விதைக்கும்போது குளிர் ஆகாது. பூக்கும்போது கடும் வெயில் ஆகாது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் விரைவில் உயிரிழந்துவிடும். விதைத்த 50 முதல் 55 நாளில் பூக்கும் என்பதை மனத்திற்கொண்டு நாளைக் கணித்துக்கொள்ள வேண்டும்.

டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்ப் பக்கங்களில் இருவேளைகள் பொருந்தும். பிப்ரவரி முற்பகுதியில் குளிர் தணிந்தவுடன் விதைத்தால், ஏப்ரல் முதல் பாதிக்குள் பூத்து, அனற்காற்று வீசுமுன் கதிர் முற்றிவிடும். தவறினால் மே மாத வெயில் அனைத்தையும் கருக்கிவிடும். மற்றொரு வேளை ஆகஸ்டு இறுதி, அதாவது ஆவணி மாதம். இதுவே வீட்டுத் தோட்டத்துக்குச் சிறந்தது. அக்டோபரின் தெளிந்த வானத்தில் பூத்து, நவம்பரில் அறுவடைக்கு வரும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே விதைப்பது வீண்.

மும்பையிலும் கொங்கணக் கரையிலும் பருவமழை ஓய்ந்தபின் அக்டோபர் முதல் ஜனவரி வரை விதைக்கலாம். கொல்கத்தாவில் நவம்பரில் விதைப்பது பொருந்தும். குளிரால் வளர்ச்சி சற்றுத் தாமதப்பட்டு, கதிர் வர 90 அல்லது 100 நாள் ஆகலாம். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஹைதராபாத், நாகபுரி முதலிய இடங்களில் ஜூன், ஜூலையிலும், அக்டோபர், நவம்பரிலும் விதைக்கலாம். பெங்களூரில் வசிப்போர் பேறு பெற்றவர்கள். பெருமழை நாட்களைத் தவிர ஆண்டு முழுதும் அவர்களுக்குப் பட்டமே.

தொட்டியும் மண்ணும்

மக்காச்சோளத்தின் வேர் ஆழமாகச் செல்வதோடு, பக்கங்களிலும் அடர்ந்து பரவும். ஆகவே 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள தொட்டி உதவாது. 40 சென்டிமீட்டர் இருந்தால் நலம். பூந்தொட்டிக்கென விற்கும் சிறு மண்சட்டிகளில் இதை நட்டு ஏமாறாதீர்கள். பழைய 20 லிட்டர் பெயிண்டு வாளி ஒன்றில் இரண்டு செடிகள் வைக்கலாம். பாதியாக அறுத்த பீப்பாயில் ஐந்தாறு செடிகள் வைக்கலாம். சிமெண்டுச் சாக்கும் உரச் சாக்கும் விளிம்பை மடித்துவிட்டால் நல்ல தொட்டிகளே. முன்பிருந்த பொருளின் எச்சம் நீங்க நன்கு கழுவிக்கொள்ள வேண்டும். எதுவாயினும் அடியில் விரல் நுழையும் துளைகள் நான்கைந்து அவசியம். செங்கல் துண்டுகளின்மேல் நிறுத்தினால் நீர் வடிவதும் எளிது. தளத்தில் ஈரம் ஊறுவதும் தடைபடும்.

மாடியில் தொட்டி வைப்போர் பாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஈர மண் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஆகவே வெறும் மண் நிரப்பிய 20 லிட்டர் வாளி 30 கிலோவைத் தாண்டும். அத்தகைய எட்டு வாளிகளை ஓரிடத்தில் குவித்தால் 250 கிலோ ஆகிவிடும். பழைய கட்டடங்களில் இதனை அலட்சியம் செய்யலாகாது. தளத்தின் நடுவே வைக்காமல், கீழே சுவரும் உத்தரமும் தாங்கும் இடங்களை ஒட்டி வைப்பதே முறை. வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் இசைவைப் பெற்ற பிறகே தொடங்குவது நல்லது.

பாரத்தைக் குறைக்கும் வழி மண்கலவையில் இருக்கிறது. தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். நம் ஊர்த் தென்னந்தோப்புகளின் நார்க்கழிவு, கட்டிகளாக அழுத்தப்பட்டுக் ‘கோகோபீட்’ என்ற பெயரில் இன்று நாடெங்கும் விற்கப்படுகிறது. நீரில் ஊறவைத்தால் பன்மடங்கு உப்பும். அதிலுள்ள உப்புத்தன்மை நீங்க, ஒருமுறை நீரில் அலசிப் பிழிந்தபின் பயன்படுத்துவது நலம். கொல்கத்தாவின் களிமண்ணாயின் கொஞ்சம் ஆற்றுமணலும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குக் கலந்து, நீர் தெளித்து, ஒரு வாரம் ஆறவிட்டபின் விதைக்கலாம்.

வெயில் படாத பால்கனியில் இப்பயிர் வராது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் வேண்டும்.

விதைப்பும் பராமரிப்பும்

விதையை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு இரண்டாக ஊன்றுக. தரையிலாயின் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் விடவேண்டும். கடை விதைகள் பெரும்பாலும் சாயமேற்றிய மருந்து பூசப்பட்டவை. அவற்றைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், ஊன்றியபின் கை கழுவுவதும் அவசியம். ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். மூன்று இலை வந்தபின், குழிக்கு ஒரு நாற்றை விட்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் அருகிலுள்ள வேரும் அசைந்துவிடும்.

இப்பயிர் பெரும்பசிக்காரப் பயிர். தழைச்சத்து குறைந்தால் அடியிலைகளின் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் நிறம் உள்நோக்கிப் பரவும். மணிச்சத்துக் குறைவில் இலை ஊதாச் சாயல் பெறும். சாம்பல்சத்துக் குறைவில் இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் காயும். இக்குறிகளைக் கற்றுக்கொண்டால் செடி வாய்விட்டுப் பேசாத குறை தீர்ந்துவிடும். முழங்கால் உயரம் வந்தபோது ஒருமுறையும், ஆண் பூ தலைகாட்டும்போது மறுமுறையும் மேலுரம் இடவேண்டும். தெற்கே கடலைப் புண்ணாக்கு எளிதிற் கிடைக்கும். வடக்கே கடுகுப் புண்ணாக்குத்தான் மலிவு. இந்தியில் அதைக் கலி என்றும், வங்கத்தில் கோல் என்றும் கேட்டு வாங்கலாம். ஒரு கைப்பிடியை மூன்று நாள் நீரில் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் போதும். யூரியா இடுவோர், இரண்டு செடியுள்ள வாளிக்கு ஒருவேளைக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டலாகாது. அதுவும் தண்டில் படாமல் ஓரமாக இடவேண்டும்.

உரமிடும்போதே அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்து விடுக. தண்டின் அடிக்கணுக்களிலிருந்து விழுது போல் வேர்கள் புறப்பட்டு மண்ணைப் பற்றும். மாடிக் காற்றில் செடி சாயாமல் நிற்பதற்கு இவையே துணை. அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தூர்களைக் கிள்ள வேண்டுவதில்லை.

நீரைப் பொறுத்தவரை, பூக்கும் வேளையே உயிர்நிலை. அப்போது இரண்டு நாள் வாடவிட்டாலும் கதிர் குறைபட்டுவிடும். வளர்ந்த செடி இரண்டு உள்ள வாளிக்கு வெயில் நாளில் மூன்று, நான்கு லிட்டர் நீர் வேண்டியிருக்கும். கோடையில் அதனைக் காலை மாலை இருவேளையாகப் பிரித்து ஊற்றலாம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள குடியிருப்புகளில் அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் உதவும்; சோப்பு நீர் ஆகாது. உலர்ந்த சருகை மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

காற்று செய்யும் வேலை

இனி, தொடக்கத்திற் கூறிய குறைக்கு வருவோம். மக்காச்சோளத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. உச்சியில் கொண்டை போல் விரிவது ஆண் பூங்கொத்து. இடையில், இலைக் கக்கத்தில் உருவாகும் கதிரே பெண் பூங்கொத்து. அக்கதிரின் நுனியில் பட்டு இழைகள் போல் தொங்குவதை நாம் அழகுக்கென எண்ணிவிடுகிறோம். உண்மை யாதெனில், உள்ளேயிருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வோர் இழை உண்டு. அந்த இழையின்மேல் ஒரு மகரந்தத் துகளாவது விழுந்து, அதிலிருந்து புறப்படும் நுண்குழல் இழையின் நெடுக இறங்கிச் சூலை அடைந்தால்தான் அந்த மணி உண்டாகும். ஐந்நூறு மணி வேண்டுமானால் ஐந்நூறு இழைகளும் மகரந்தம் பெற்றாக வேண்டும். ஓர் இழை தவறினால் ஒரு மணி தவறும். பல் விழுந்த வாயின் இரகசியம் இதுதான்.

இவ்வேலையைச் செய்வது தேனீயன்று, காற்று. மகரந்தம் உச்சியிலிருந்து உதிர்ந்து, வீசும் திசையிற் சென்று அண்டைச் செடிகளின் இழைகளில் விழுகிறது. ஒரு செடியின் மகரந்தம் அதன் கதிரிலேயே விழுவது குறைவு. மேலும் ஆண் பூ முதலில் விரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்தே இழைகள் வெளிவரும். ஆகவே ஒற்றைச் செடி தன்னந்தனியே நின்றால் அதற்குத் துணை இல்லை. நீண்ட ஒற்றை வரிசையாக நட்டால், குறுக்கே வீசும் காற்று மகரந்தத்தைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். பால்கனிக் கம்பிக்குள் அணிவகுத்து நிற்கும் செடிகளின் கதிர்கள் பொக்கையாவது இதனால்தான்.

பரிகாரம் எளிது. வரிசையாக நடாமல் சதுரமாக நடுக. நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு செடி என்று 16 செடிகள் இருந்தால், எத்திசையில் காற்று வீசினாலும் மகரந்தம் ஏதேனும் ஒரு கதிரில் விழும். தொட்டிகளையும் அவ்வாறே நெருக்கிச் சதுரமாக வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைப்பதும் முக்கியம். வாரத்துக்கு நான்காக விதைத்தால் ஒன்று பூக்கும்போது மற்றொன்று பூக்காது.

செடிகள் குறைவாயின் நம் கையே காற்றாக வேண்டும். காலையில் பனி உலர்ந்தபின், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, ஆண் பூங்கொத்தின் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்து மெல்லத் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும். அதனை உடனே மென்மையான தூரிகையால் பிற செடிகளின் இழைகளில் எங்கும் படும்படி தூவுக. மகரந்தத்தின் ஆயுள் வெயிலில் மிகக் குறுகியது. எடுத்து வைத்து மாலையில் தூவுவோம் என்றால் பயனில்லை. இழைகள் எல்லாம் ஒரே நாளில் வெளிவருவதில்லையாதலால், நான்கைந்து காலை இதனைத் தொடர்ந்து செய்ய வேண்டும். மகரந்தம் ஏற்றுச் சூல் கொண்ட இழை உள்ளே தன் மணியிலிருந்து விடுபட்டுவிடும். எட்டு வயதுக் குழந்தையும் செய்யத்தக்க இவ்வேலை, பாடப்புத்தகத்துப் படத்தைவிட நன்றாகத் தாவரவியலைக் கற்பிக்கும்.

இடம் மிகக் குறுகியவர்களுக்கு வேறொரு வழி உண்டு. இழை தலைகாட்டிய இரண்டு மூன்று நாளில், விரல் பருமனில் கதிரை ஒடித்துவிட்டால் அதுவே கடையில் ‘பேபி கார்ன்’ என விற்கும் பிஞ்சுக் கதிர். அதற்கு மகரந்தமே வேண்டுவதில்லை. நான்கே செடி வைத்திருப்போர் இப்பயனோடு நிறைவு கொள்ளலாம்.

அயல் மகரந்தம்

இனிப்பு என்பது அடங்கிய குணம்; தந்தை, தாய் இருபுறமும் அது இருந்தால்தான் மணியில் வெளிப்படும். பக்கத்தில் தானிய மக்காச்சோளமோ பொரிச்சோளமோ பூத்து, அதன் மகரந்தம் நம் கதிரில் விழுந்தால், அந்த மணிகள் அப்போதே மாவாகிவிடும். மாம்பழத்தில் அயல் மகரந்தம் விழுந்தால் பழத்தின் சுவை மாறாது. இங்கோ நாம் உண்பது விதையையே ஆதலால் மாறிவிடுகிறது. பழைய இனிப்பு வகையையும் மிகை இனிப்பு வகையையும் அருகருகே நட்டாலும் இதே கேடு நேரும். ஒன்றில் பழுதான மரபணு மற்றதில் நன்றாயிருப்பதால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பி, சர்க்கரை மாவாகிவிடும். ஆகவே ஒரு மாடிக்கு ஒரே வகை என்பது விதி. அருகில் வேறு வகை இருப்பின், பூக்கும் காலம் மோதாதபடி இரண்டு மூன்று வாரம் தள்ளி விதைக்க வேண்டும்.

பூச்சிகளும் பறவைகளும்

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, இன்று நாடெங்கும் மக்காச்சோளத்தின் பெரும்பகைவன். தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்து போன்ற வெண்கோடும், வாலருகில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இதன் அடையாளம். இலையில் கண்ணாடி போன்ற திட்டுகளும், பின்னர்ப் பொத்தல்களும், குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சமும் காணப்பட்டால் புழு உள்ளே இருக்கிறதென்று பொருள். இரண்டாம் வாரம் முதல் நாள்தோறும் காலையில் ஒவ்வொரு குருத்தையும் பார்த்து, இலையின்மேல் பஞ்சு மூடியது போன்ற முட்டைக் குவியலை நசுக்கிவிடுவதே சிறந்த மருந்து. குருத்தில் ஒரு சிட்டிகை மணலோ சாம்பலோ இடுவதும், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் இளம் புழுவுக்குத் தடை. பதினாறு செடிகளுக்குக் கண்ணும் கையும் போதும். கடும் நஞ்சுகளை வீட்டு மாடியில் தெளிப்பது தகாது. அசுவினி தோன்றினால் நீரைப் பீச்சி அடித்துக் கழுவலாம்.

கிளியும் அணிலும் பால் பிடித்த கதிரை நம்மைவிட நன்கு அறியும். இழைகள் பழுப்பாகி உலர்ந்தபின் ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டிக் கட்டுக. அதற்குமுன் மாட்டினால் மகரந்தம் தடைப்படும். குரங்குகள் நடமாடும் டில்லிப் பகுதிகளில் வலைக்கூண்டு இன்றிப் பயிர் தப்புவது அரிது.

பால் பிடித்த பருவம்

இழைகள் வெளிவந்த 18 முதல் 22 நாளில் கதிர் பக்குவப்படும். இழை பழுப்பாக உலர்ந்தும் மேலுறை பசுமையாகவும் இருக்க வேண்டும். உறையைச் சற்று விலக்கி, ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்க்கலாம். நீர் போல் வந்தால் இன்னும் நாளாக வேண்டும். பால் போல் வந்தால் அதுவே வேளை. மாவு போல் இருந்தால் பருவம் கடந்துவிட்டது. மிகை இனிப்பு வகையில் பால் சற்றுத் தெளிவாகவே இருக்கும். கோடையில் இப்பருவம் மூன்று நான்கு நாளே நிற்கும்.

கதிரை ஒடித்த கணத்திலிருந்து சர்க்கரை குறையத் தொடங்குகிறது. பழைய இனிப்பு வகைகளில், 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கு மேல் போய்விடும். மிகை இனிப்பு வகையில் இவ்விழப்பு மெதுவாக நிகழும். சந்தைக்கு வரும் கதிர் எத்தனை நாள் லாரியிலும் கூடையிலும் கிடந்ததென யார் அறிவார்? மாடிக்கதிரின் மேன்மை இங்கேதான். அடுப்பில் நீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கதிரை ஒடிக்கச் செல்லுங்கள். நான்கைந்து நிமிடம் வெந்தால் போதும். தேங்காய்த் துருவலும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சுண்டலாகவும், அடை மாவில் கலந்தும் உண்ணலாம்.

செடிக்கு ஒரு நல்ல கதிர் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. உரித்த கதிர் ஒவ்வொன்றும் நடந்த கதையைச் சொல்லும். மணிகள் ஆங்காங்கே விட்டுப்போயிருந்தால் மகரந்தம் போதவில்லை. நுனி மட்டும் பொக்கையானால் பூத்த வேளையில் நீர் குறைந்தது அல்லது வெயில் மிகுந்தது. கதிரே சிறுத்திருந்தால் தொட்டி சிறியது, உரம் குறைவு. இடையிடையே கடினமான மணிகள் இருந்தால் அயல் மகரந்தம் புகுந்தது. மற்றொன்றும் காண்பீர்கள்: மணி வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். பூக்கள் இணை இணையாக அமைவதே அதற்குக் காரணம்.

அறுவடைக்குப்பின் தண்டுகளைத் துண்டாக்கி எருக்குழியில் இடுக. அத்தொட்டியில் அடுத்து மக்காச்சோளம் வேண்டாம். அவரையோ காராமணியோ வைத்தால் மண் வளம் பெறும். கலப்பின விதையை எடுத்து வைத்து மறுமுறை விதைப்பதால் பயனில்லை. புதிது வாங்குவதே மேல்.

பதினாறு செடிக்கு எட்டு வாளி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு இது பெரிய சுமையாகத் தோன்றலாம். ஆனால் நான்கு குடும்பங்கள் தலைக்கு இரண்டு வாளி எடுத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. தத்தம் பால்கனியில் தனித்தனியே வைத்தால் நால்வருக்கும் பொக்கைக் கதிரே மிஞ்சும். பொது மாடியில் ஒரே நாளில் விதைத்து ஒன்றாகச் சேர்த்து வைத்தால் நால்வருக்கும் நிறைந்த கதிர் கிடைக்கும். ஊருக்குச் செல்லும் வாரத்தில் நீர் ஊற்றவும் ஆள் இருக்கும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அன்பரிடமோ வங்காள அம்மையாரிடமோ பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? வரும் பருவத்திற்கு இன்னும் நாள் இருக்கிறது. விதை வாங்குமுன் மாடிக்குச் சென்று, எந்த இடத்தில் ஆறு மணி நேரம் வெயில் நிற்கிறதென்று ஒரு நாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அண்டை வீட்டாரை அழைத்து அவ்விடத்தைக் காட்டுங்கள்.